செம்புக் கம்பியும் வெள்ளை நாயும்

இந்தத் தொழிலுக்கு இப்போது வந்திருக்கும் உங்களுக்கு, நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் எவ்வளவு குளோரின், எவ்வளவு காரம் என்பதை உங்கள் கையில் இருக்கும் கருவி ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. நாங்கள் கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இது மஞ்சளா ஆரஞ்சா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவர்கள். ஆகவே தண்ணீரை விட்டுவிடுகிறேன். அதில் இறங்குகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியது ராஜபாளையத்தில் ஒரு நாய்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். என் அத்தா அங்கே பஜாரில் மோட்டார் பம்ப் சாமான் கடை வைத்திருந்தார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு மதுரையில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்புக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். முதல் ஒரு வருடம் தகுதிகாண் பருவம். அதைத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். எங்களுக்கு ஓட்டல் குளங்களும் கல்லூரிக் குளங்களும்தான் பழக்கம். வீட்டில் நீச்சல் குளம் என்று ஒருவர் கேட்டு வந்தபோது மேனேஜரே இரண்டு முறை கடிதத்தைப் படித்துப் பார்த்தார். ராஜபாளையம் என்றதும், பக்கத்து ஊர்க்காரன், அங்கே பலர் பேசுகிற தெலுங்கும் கொஞ்சம் புரியும் என்று என்னை அனுப்பிவிட்டார். நான் தனியாகப் பார்த்த முதல் வேலை அதுதான்.

கேட்டவர் ஒரு பஞ்சாலை முதலாளி. அறுபது வயதிருக்கும். தலையில் மை, ஆனால் மீசைக்கு மட்டும் மை இட மாட்டார். பஞ்சு போல வெளுத்த, அகன்ற மீசை. இயந்திரம் வாங்க வெளிநாடு போனபோது அங்கே ஒரு விடுதியில் நுரை கொப்பளிக்கும் வெந்நீர்த் தொட்டியில் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் முதுகுவலி இல்லையாம். அதே போல ஒரு தொட்டியும், பக்கத்திலேயே ஒரு குளமும் தன் வீட்டு மாந்தோப்பில் வேண்டும் என்றார்.

அவருடைய மனைவி ஒரு நிபந்தனை விதித்தார். கல்யாணமாகி வந்த புதிதில் அவர்கள் வீடு ஆலையை ஒட்டி இருந்ததாம். துணி வெளுக்கிற பிரிவு ஜன்னலுக்கு அடுத்தே. பத்து வருடம், சாம்பாரிலிருந்து சாமி பூ வரை எல்லாவற்றிலும் பிளீச்சிங் பவுடர் வாடை. "அந்த வாடை மட்டும் வந்துச்சு, குளத்தை மண்ணப் போட்டு மூடிருவேன்" என்றார். சொன்னால் செய்கிறவர் என்பது முதலாளி தலையைக் குனிந்துகொண்டதிலேயே தெரிந்தது.

நான் கொண்டுபோன விலைப்பட்டியலில் வழிகள் பல இருந்தன. குளோரின் வாயு சிலிண்டர், வீட்டுக்கு ஆகாது. திரவ குளோரின், வாடை வரும். உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் எடுக்கிற கருவி, அதிலும் கொஞ்சம் வரும். ஓசோன், அந்த ஊர் மின்சாரத்துக்கு நாலு நாள் தாங்காது. கடைசியாக அயனைசர் என்று ஒன்று இருந்தது. குழாய்க்குள் இரண்டு கம்பிகள் நிற்கும். லேசாக மின்சாரம் பாயும். கம்பியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் உலோகம் கரைந்து தண்ணீரில் பாசியையும் கிருமியையும் கொல்லும். வாடை கிடையாது.

"என்ன கம்பி?" என்று முதலாளியம்மா கேட்டார்.

செம்பும் வெள்ளியும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கோயில் தீர்த்தம் மாதிரியா என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். இதோடு சிறிதளவாவது குளோரின் சேர்க்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்ததை அடுத்த வாக்கியத்தில் சொன்னேன். ஆனால் தொண்டைக்குள் சொன்னேன். அதற்குள் அவர் காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. வாடிக்கையாளர் தலையாட்டியதும் கேள்வியை நிறுத்திக்கொள்கிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அமைப்புப் படத்தை நானே போட்டேன். வெந்நீர்த் தொட்டியைக் குளத்தைவிட இரண்டடி உயரத்தில் வைத்தேன். அயனைசரிலிருந்து வருகிற தண்ணீர் முதலில் தொட்டிக்குள் போகும். தொட்டி நிறைந்து, அதன் விளிம்பு வழியாகக் குளத்துக்குள் வழியும். பின்னால் மேற்கு மலை. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, அய்யனார் கோயில் ஓடையை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேயப்பா என்று தோளில் தட்டினார். கம்பியிலிருந்து புதிதாகக் கரைந்த செம்பு முழுவதும் முதலில் அந்தச் சின்னத் தொட்டிக்குள்தான் போய் விழும் என்பது, தோளில் தட்டியபோது எனக்குத் தோன்றவில்லை.

குளம் தை மாதம் நிறைந்தது. முதலாளி வெந்நீர்த் தொட்டியில் நான்கு நாள் உட்கார்ந்தார். மாசி வெயில் ஏறியதும், நம்ம ஊரில் வெந்நீருக்குள் உட்காருவது கொள்ளிக்குப் பக்கத்தில் உட்காருவது மாதிரி என்று ஹீட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டார். பிறகு அவர் குளத்தில் மட்டும் காலையில் நீந்தினார், தலைக்கு மை வைத்திருந்ததால் முகத்தைத் தூக்கிக்கொண்டு, வாய்மட்டத்துக்குத் தண்ணீர் வரும்படி. தொட்டி, இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரோடு, மாமர நிழலில் சும்மா கிடந்தது.

சும்மா கிடந்தது என்று நான் நினைத்தேன். அந்த வீட்டில் வெள்ளையன் என்று ஒரு நாய் இருந்தது. அசல் ராஜபாளையம் நாய். எனக்கோ நாய் என்றால் சிறு வயதிலிருந்தே உதறல். மாதம் ஒருமுறை சர்வீஸுக்குப் போகும்போது முன்கூட்டியே போன் செய்து, நாயைப் பின்கட்டில் கட்டிவிடச் சொல்வேன். கட்டிவிடுவார்கள். அது அங்கிருந்து குரைக்கும், நான் இங்கிருந்து கேட்டுக்கொள்வேன். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த பழக்கம் அவ்வளவுதான். நான் கேட்டைத் தாண்டி வெளியே போனதும் அதை அவிழ்த்துவிடுவார்கள் என்பதும், அது நேராகப் போய் என் தொட்டிக்குள், உட்காரும் படிமேல், விலாவரை நனைய மாலைவரை படுத்துக்கிடக்கும் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? என் பயத்துக்கு மரியாதை செய்து, பார்க்க வேண்டிய ஒன்றை அவர்கள் என் கண்ணில் படாமல் வைத்துவிட்டார்கள்.

சித்திரை வெயிலில் குளத்துச் சுவரில் லேசாகப் பாசி பிடித்தது. கொஞ்சம் குளோரின் போட்டிருந்தால் ஒரே நாளில் போயிருக்கும். ஆனால் அந்த வீட்டில் குளோரின் என்ற சொல்லையே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மெட்ராஸிலிருந்து உறவுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்றார்கள். அயனைசரின் டயல் மூன்றில் இருந்தது. எட்டுக்குத் திருப்பினேன். ஒரு வாரம் கழித்து வந்து இறக்கிவிடலாம் என்று திட்டம். அடுத்த வாரம் தூத்துக்குடியில் ஓர் ஓட்டல் வேலைக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். அங்கே போனவன் டயலை மறந்தேன். கொஞ்சம்கூட நினைவு வரவில்லை. ராஜபாளையத்து மாத சர்வீஸும் தள்ளிப்போய், இரண்டு மாதம் ஓடியது.

மேனேஜர் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். போன் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "ராஜபாளையத்துல நாய் பச்சையாயிருச்சாம். நமக்கு எதுக்குய்யா போன் பண்றாங்க?" என்று கேட்டார். எனக்கு டயலில் வைத்த எட்டு என்ற எண் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. அன்று நாயைக் கட்டச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மாமரத்தடியில் அது நின்றுகொண்டிருந்தது. முதுகும் முகமும் வெள்ளை. விலாவிலிருந்து கீழே இறங்க இறங்கக் கொய்யாப் பிஞ்சு நிறம். கால்களும் வாலும் நல்ல பச்சை. போதாததற்கு, ஊரில் தனியாக வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் இது தோலில் வரும் பூசணமாக இருக்கலாம் என்று வயிற்றில் ஊதா மருந்து தடவியிருந்தார். மேலே வெள்ளை, நடுவில் பச்சை, அடியில் ஊதா. நாய்க்கு மட்டும் இதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. ராஜ நடையில் என்னிடம் வந்து என் கால்சட்டையை மோந்து பார்த்தது. நான் அசையவில்லை.

இது சிரிக்கிற விஷயமாக உங்களுக்குப் படும். அந்த ஊரில் அந்த இனத்துக்கு நிறம்தான் உயிர். ஒரு கறுப்பு மயிர் இருந்தாலே மூக்கைச் சுளிப்பார்கள். மெட்ராஸில் நாய்க் கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. முதலாளி இரண்டு வருடமாக அதற்காகவே வெள்ளையனைத் தயார்செய்துவந்தார்.

அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா, மருத்துவர். எதிரே தோட்டக்காரர் சுடலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினெட்டு வருடமாக அந்தத் தோப்பைப் பார்க்கிறவர். அவருக்கு முன்னால் தரையில் ஒரு தகர டின். அதில் பாதிக்கு மயில்துத்தம், நல்ல நீலமாக. மாமரத்துக்கு மருந்தடிக்க வாங்கியது. அதை பம்ப் ரூமில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாசி போகட்டும் என்று சுடலை தன் யோசனைக்கு அள்ளிக் குளத்தில் போட்டிருக்கிறார், தினமும் தொட்டியில் படுத்துக்கிடக்கிற நாய் மேல் அது ஏறிவிட்டது என்பது முதலாளியின் முடிவு. தீர்ப்பு ஏறக்குறைய எழுதி முடிந்துவிட்டது. கையெழுத்துக்குத்தான் என்னை மதுரையிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

"நீ படிச்சவன். ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார் முதலாளி. "துத்தத்தத் தண்ணியில போட்டா நாயி இப்படி ஆகுமா?"

ஆகும். துத்தம் என்பதே செம்பு உப்புதான். வேதியியல் தெரிந்த எவனும் மறுக்க முடியாது.

"ஆகும் மொதலாளி" என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது அது. அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

சுடலை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதோ கணக்குப் புரியாதவர் போலப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "நான் போடல மொதலாளி. மரத்துக்கு அடிச்ச மிச்சம் அது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடச் சொன்னார் முதலாளி.

தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பம்ப் ரூமுக்குள் போனேன். டயல் எட்டிலேயே நின்றது. தொட்டித் தண்ணீரைக் குழாயில் எடுத்து மருந்து விட்டேன். நிற அட்டையில் உள்ள கடைசிக் கட்டத்தையும் தாண்டி நிறம் ஏறியது. முதல் வேலையாக டயலைச் சுழியத்துக்குத் திருப்பினேன். திருப்பும்போதே இன்னொன்றும் மனதில் பட்டது. இனி யார் வந்து பார்த்தாலும் எட்டில் இருந்ததற்கு அடையாளமே இருக்காது.

வெளியே வந்து, ஒரு போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தேன். மேனேஜரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். டயலையும் சொன்னேன். அவர், "ஆண்டவனாப் பாத்து ஒரு தோட்டக்காரன அனுப்பியிருக்கான்யா. வாயத் தொறக்காம பஸ் ஏறி வந்துரு" என்றார். அந்த முதலாளி சொன்னால் அந்த வட்டாரத்தில் இன்னும் நாலு பேர் குளம் கட்டுவார்கள் என்றும், அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருக்கிறது என்றும் நினைவூட்டினார். அவர் கெட்டவர் இல்லை. மதுரையில் இருந்து பார்த்தால் சுடலை வெறும் ஒரு சொல்தான். முகம் தெரியாதே.

எதுவும் முடிவு செய்யாமல்தான் திரும்பினேன். நீங்கள் என்னை உத்தமனாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மதுரை பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் ஏறாததற்கு ஒரே காரணம், சோதனைப் பெட்டியை பம்ப் ரூமிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அது கம்பெனிச் சொத்து.

எல்லார் கண்ணிலும் படாமல் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று பின்கட்டு வழியாக நுழைந்தேன். குழாயடியில் மாடத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். சேத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அந்த வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கிவிட்டுப் போகிறவர். ஐம்பது வயதிருக்கும். கையில் பூஜை அறைச் செம்புக் குடம்.

"சுடலையண்ணன அனுப்புதாகளாமே, பாய்?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

அவர் குடத்தைச் சாய்த்து உள்பக்கத்தைக் காட்டினார். கழுத்தோரம் பச்சையாகப் படிந்திருந்தது. "இந்தா பாருங்க. இந்தக் களிம்புதான நாயி மேல இருக்கு? செம்புல தண்ணி நின்னா இது புடிக்கும். நீங்கதான குழாய்க்குள்ள செம்புக் கம்பி வச்சீக?"

கேட்டுவிட்டுக் குடத்துக்குள் புளியைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பச்சை கரைந்து, செம்பு பளீரென்று வந்தது. இதை ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எங்கிட்ட யாரு கேட்டா? டாக்டரும் நீங்களும் உக்காந்து பேசுத எடத்துல, பாத்திரம் வெளக்குதவ வந்து என்னத்தச் சொல்ல?"

அவர் என்னை மிரட்டவில்லை. குற்றம்கூடச் சாட்டவில்லை. ஆனால் மூன்று வருடம் டிப்ளமோ படித்தவனும், அஞ்சு வருடம் கால்நடை மருத்துவம் படித்தவரும் கண்டுபிடிக்காததை, இல்லை, கண்டுபிடித்தும் சொல்லாததை, அந்த அம்மா ஒரு குடத்தைக் காட்டி முடித்துவிட்டார். அதற்கு மேல் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓட என் கால் வரவில்லை.

முதலாளி முன்னால் போய் நின்றேன். நான் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். செம்புக் கம்பியை, டயலை, தூத்துக்குடியை, தொட்டியை மேலே வைத்த என் படத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். சுடலை துத்தத்தைத் தொடாமலே இது நடக்கும், இந்தக் களிம்பு முழுவதும் என் கருவியிலிருந்து வந்தது என்றேன்.

முதலாளி ஒரு சந்தேகம் கேட்டார். நியாயமான சந்தேகம்.

"நாயி தொட்டியில கெடக்கு, சரி. நானும் தெனம் அந்தத் தண்ணியிலதான நீந்துதேன்? எனக்கு ஒண்ணும் ஆகலியே?"

அம்மா மாமரத்தைப் பார்த்தார். மருத்துவர் தன் பையைத் திறந்து எதையோ தேடினார். பின்னாலேயே வந்து நின்றிருந்த மாடத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சுடலை, வேலை போன நிலையிலும், சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நான் முதலாளியின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். நீந்தும்போது முகத்தில் தண்ணீர் படுகிற ஒரே வெள்ளை மயிர் அவருடைய மீசை. அதன் இரண்டு நுனிகளும் இளம்பச்சை.

அந்த வீடு முழுவதற்கும் அது தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. தினமும் வந்து சவரம் செய்த நாவிதர்கூடச் சொல்லவில்லை. முதலாளிக்குக் கண்ணாடி போடாமல் கிட்டத்துப் பார்வை கிடையாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கிற வழக்கமும் கிடையாது.

அம்மா உள்ளே போய் ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன நாளா இருக்கு?"

"பதினஞ்சு நாளா இருக்கும்" என்றார் அம்மா. "வெத்தலச் சாறோன்னு நெனச்சேன்."

"ஆலையில நானூறு பேரு இருக்கான். ஒருத்தனும் சொல்லலியே."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள், மருத்துவர் பைக்குள் தலையை விட்டபடியே.

நாயையும் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றார் மாடத்தி. மருத்துவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டு கட்டளை போட்டார். நாய் அதை நக்கக் கூடாது, தேய்த்த உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். அப்படியானால் ஒருவர் அதன் வாயைத் துணியால் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். யார் பிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அன்று மதியம், கிணற்றுத் தண்ணீர் குழாயடியில், நான் என் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாடத்தி, அண்டாவைத் துலக்குகிற அதே வேகத்தில், காலிலிருந்து வால்வரை தேய்த்தார். வெள்ளையன் ஒரு தரம் உதறியது. புளித்தண்ணீர் முழுவதும் என் சட்டையில். பிறகு என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அடங்கிவிட்டது. நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நடுக்கம் நாய்க்குச் சொரிந்துவிடுவதுபோல இருந்திருக்க வேண்டும்.

மூன்று நாள் அப்படித் தேய்த்தார்கள். மறுநாள் நான் போனபோது முதலாளியின் மீசை தூய வெள்ளையாகவும், மூக்குக்குக் கீழே தோல் நன்றாகச் சிவந்தும் இருந்தது. நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

வெள்ளையன் மெட்ராஸுக்குப் போனது. பரிசு கிடைக்கவில்லை. நிறத்தை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். நடுவர் பல்லைப் பார்க்கக் கையை நீட்டியதும் உறுமிவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை என்று மேனேஜரிடம் எழுத்திலேயே கொடுத்தேன். அவர் என் தகுதிகாண் பருவத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்.

அமைப்பை மாற்றினேன். குளத்துத் தண்ணீரை மொத்தமாக மாற்றி, தொட்டிக்கும் குளத்துக்கும் குழாயைத் தனித்தனியாகப் பிரித்தேன். அயனைசர் குளத்தோடு மட்டும், டயல் இரண்டைத் தாண்டாமல். குளத்திலும் தொட்டியிலும் அளந்து விட்ட சொட்டு குளோரின். இந்த முறை அம்மாவிடம் தொண்டைக்குள் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து, எவ்வளவு விட்டால் வாடை வராது, எவ்வளவு விட்டால் வரும் என்று இரண்டு வாளித் தண்ணீரில் காட்டினேன். அவர் இரண்டையும் மோந்து பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் பயந்த விஷயம் அது.

சுடலையிடம் முதலாளி மன்னிப்பு கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது வழக்கமில்லை. பம்ப் ரூம் சாவியை அவர் கையில் கொடுத்து, இனி தண்ணீரைச் சோதிக்கிறது நீதான் என்றார். சொட்டு மருந்தும் நிற அட்டையும் வைத்துச் சோதிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அரை நாளில் என்னைவிட நன்றாக நிறம் பார்த்தார். இலையின் நிறம் பார்த்தே மரத்தின் நோய் சொல்கிறவருக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை.

அப்போது அவரிடம் மன்னிப்பு கேட்டேன். அவர் குழாயை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தபடியே சொன்னார்: "நான் போடலைன்னு எனக்கு நல்லாத் தெரியும், பாய். ஆனா நீங்க ஆகும்னு சொன்னீக பாருங்க, அப்ப செத்த நேரம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எப்பவாச்சும் கை தவறிப் போட்டுட்டேனோன்னு."

அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நம் சட்டையில் கம்பெனி பெயர் இருக்கிறது, கையில் ஒரு பெட்டி இருக்கிறது. நாம் சொல்கிற பாதி உண்மையை நம்பி, ஓர் ஆள் தன் கையையே சந்தேகப்படுவான். அயனைசரா, ஓசோனா, குளோரினா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் எங்கேயாவது ஒரு தப்பு நடக்கும். நடந்ததும் முழுதாகச் சொல்லிவிடுங்கள். அதற்கும் முன்னால், அந்தத் தண்ணீரில் யார் யார் இறங்குவார்கள் என்று வீட்டுக்காரரிடம் மட்டுமில்லை, வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் கேட்டுவிடுங்கள், பாத்திரம் துலக்குகிறவரிடமும்.

அடுத்த கோடையில் முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முதுகுவலி திரும்பிவிட்டதாம், தொட்டி தனக்கு வேண்டுமாம், ஆனால் வெள்ளையன் அதிலிருந்து எழுந்திருக்க மறுக்கிறதாம். ஆகவே அதற்கென்று தனியாக இன்னொரு தொட்டி. எங்கள் கம்பெனியின் பம்பாய்த் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை நான் மிகுந்த கவனத்தோடு நிரப்பினேன். பட்ட அடி அப்படி. பயன்படுத்துபவர் எண்ணிக்கை: ஒன்று. வயது: ஐந்து. எடை: இருபத்தெட்டு கிலோ. ஒரு நாளில் பயன்படுத்தும் நேரம்: ஆறு மணி நேரம். என்ன இனம் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. நானும் தனியாக எழுதவில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. ஐந்து வயதுக் குழந்தையை ஆறு மணி நேரம் தண்ணீரில் விடுவதைக் கம்பெனி ஒருபோதும் பரிந்துரைக்காது என்றும், அந்த வயதுக்கு இந்த எடை மிகவும் அதிகம், பெற்றோர் உடனே ஒரு நல்ல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் தலைமைப் பொறியாளர் கையெழுத்திட்டு எழுதியிருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். முதலாளி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குச் சோற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.